காயாத அபோண்டி

கெருபோவின் நெஞ்சுக்கும் தின்னருக்கும் ஆகாது. கரியோபாங்கி பட்டறை வரிசையில் எந்த மூலையில் எவன் தின்னர் டப்பாவைத் திறந்தாலும் முதலில் அவளுக்கு மூக்கு எரியும். அப்புறம் நெஞ்சுக்குள் துருத்தி ஊத ஆரம்பித்துவிடும். நைரோபியில் ஆள் ஏற்றி ஓடுகிற மட்டாட்டு பஸ்களுக்குப் படம் போட்டுப் பிழைக்கிறவளுக்கு இப்படி ஒரு நெஞ்சு. ஆஸ்பத்திரியில் வேலையை மாற்றச் சொன்னார்கள். அவள் பெயிண்டை மாற்றினாள்.

தண்ணீரில் கரைகிற அக்ரிலிக். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாத்தும் சூரியனும் வரைகிற சாமான். அதை ஏர்பிரஷ்ஷில் ஊற்றி பஸ்மேல் அடிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, பக்கத்துப் பட்டறை பராசா வாயிலிருந்த சப்பாத்தியைக் கீழே விட்டுவிட்டுச் சிரித்தான். பராசா கார் பெயிண்ட் ஆள். அவன் சட்டையைப் பிழிந்தால் அரை டப்பா தின்னர் வரும் என்று பேச்சு. பிழிந்து பார்த்தவர்களும் உண்டு. முக்கால் டப்பா வந்ததாம்.

"ஏ கெருபோ, மழை வந்தா பஸ்ஸு மொட்டையா வந்து நிக்குமே, அப்ப என்ன பண்ணுவ? குடை வரைவியா?"

"உன் மூஞ்சிய வரைவேன். மழை பயந்து திரும்பிப் போயிடும்."

புட்டியிலிருந்து வருகிறபோது அக்ரிலிக் கெட்டித் தயிர் மாதிரி இருக்கும். ஏர்பிரஷ்ஷின் துளையோ கொசு மூச்சுவிடுகிற அளவு. தயிரைப் பாலாக்க வேண்டும். வெறும் தண்ணீர் ஊற்றினால் பசை செத்துப்போய், தகரத்தில் பட்டதும் சிலந்திக் கால் மாதிரி நாலா பக்கமும் ஓடும். அதனால் பாதித் தண்ணீர், பாதி நிறமில்லாத அக்ரிலிக் பசை. பெயிண்ட் உருண்டு நிற்காமல் படிய, பாத்திரம் கழுவுகிற சோப்பில் ஒரு சொட்டு. ஒன்றுதான்; அதற்குமேல் போனால் நுரை கட்டும். பழைய நைலான் காலுறையில் வடிகட்டி, கப்பைச் சாய்த்துப் பார்ப்பாள். பால் டம்ளரின் உள்பக்கம் போல, வழிந்து இறங்கிய இடத்தில் மெல்லிய ஆடை நிற்க வேண்டும். நின்றால் சரி.

கடைசியாகக் கிளிசரின். மருந்துக்கடையில் வெடிப்புக் காலுக்கு விற்பார்களே, அதுதான். வெயில் காய்ச்சுகிற மாதங்களில் ஏர்பிரஷ்ஷின் ஊசி முனையிலேயே பெயிண்ட் காய்ந்து அடைத்துக்கொள்ளும். கிளிசரின் ஓரிரு சொட்டு விட்டால் நிதானமாகக் காயும். கெருபோவின் கை இந்தக் கணக்கில் தவறியதே இல்லை. ஒச்சோலாவின் பஸ் வருகிறவரை.

ஒச்சோலா தன் பஸ்ஸைத் தானே ஓட்டுகிறவன். பஸ்ஸுக்கு 'கிபூரி' என்று பெயர். திமிர் என்று அர்த்தம். தனக்குத்தான் அது வாய்க்கவில்லை, பஸ்ஸுக்காவது இருக்கட்டும் என்று வைத்தான் போலிருக்கிறது. பின்பக்கத்தை அப்படியே கெருபோவிடம் ஒப்படைத்தான்.

"உன் இஷ்டம் தங்கச்சி. பின்னாடி வர்றவன் ஓவர்டேக் பண்ண மறந்துடணும், அவ்வளவுதான்."

மற்றவர்கள் பாட்டுக்காரனைப் போடுவார்கள், பந்து உதைக்கிறவனைப் போடுவார்கள். கெருபோ அபோண்டி அம்மாவைப் போட்டாள்.

அபோண்டி அம்மா ஸ்டாண்டில் மீன் பொரிக்கிறவள். போன மழைக்கு முன்னால், பஸ் சங்கத்துச் சேர்மன் கிச்சூகி தன் மச்சானுக்கு போன் கடை வைக்க வேண்டுமென்று அவள் அடுப்பை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். எடுத்த அடுப்பை நடுரோட்டில், வரிசையில் முதலில் நின்ற பஸ்ஸுக்கு முன்னால் வைத்து, முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பொரித்தாள். பஸ்காரர்கள் முதலில் திட்டினார்கள். அப்புறம் அவர்களுக்குப் பசித்தது. அப்புறம் மீன் வாங்கித் தின்றார்கள். வரிசை நீண்டு நீண்டு தீக்கா ரோடு வரை போய்விட்டது. கடைசி பஸ்ஸில் இருந்தவர்கள் அங்கேயே சொந்த வீடு கட்டிக் குடியேறிவிட்டதாகச் சொல்வது பொய். வாடகைக்குத்தான் இருந்தார்கள். சாயங்காலம் அடுப்பு பழைய இடத்துக்கே திரும்பியது. அன்றிலிருந்து மீன் வாடை பட்டாலே சேர்மனுக்கு இரத்தக் கொதிப்பு.

அந்த அபோண்டி அம்மாவை ஆளளவுக்கு, முக்காலியில் உட்கார்ந்தபடி, வலது கையில் ஜல்லிக்கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, கெருபோ வரைந்துகொண்டிருந்தாள். முகத்தின் நிழல் மட்டும் விழுந்திருந்த நேரத்தில் சேர்மன் பட்டறைக்குள் வந்தார். சங்கத்து வெள்ளைக் கோட். அதற்குப் போட்டிருந்த கஞ்சிக்கு, அவர் கழற்றி வைத்தாலும் கோட் தனியாக நிற்கும்; சில கூட்டங்களுக்குக் கோட்டை மட்டும் அனுப்பியதாகவும் கேள்வி.

"யாரு இது?"

"பாத்தாத் தெரியலையா சேர்மன்?" என்றாள் கெருபோ.

"பாத்ததாலதான் கேக்கறேன்."

"அப்ப தெரிஞ்சுதான் கேக்கறீங்க."

சேர்மன் அவளை விட்டுவிட்டு ஒச்சோலாவைப் பிடித்தார். "நாளைக்கு என் ஸ்டாண்டுல உன் பஸ்ஸு ஆள் ஏத்தணும்னா, பின்னாடி இந்தப் பொம்பள இருக்கக் கூடாது. வெள்ளை அடிச்சுடு."

ஒச்சோலா தன் செருப்பைப் பார்த்தான். பிறகு கெருபோவைப் பார்த்தான். "தங்கச்சி, இத ஒரு பந்து ஆட்டக்காரனா மாத்திட முடியாதா? கரண்டி இருக்கற எடத்துல கப்பு ஒண்ணு குடுத்துட்டா..."

"முடியாது."

"சின்னதா ஒரு மீசை?"

"அண்ணே, பஸ்ஸுக்குத் திமிர்னு பேர் வெச்சது நீங்கதான? பஸ்ஸுகிட்டயே கேளுங்க."

நடத்துனன் முட்டிசோ பஸ்ஸின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான். "முடியாதுங்குது அண்ணே."

சேர்மன் சிரிக்கவில்லை. படத்தின் ஓரத்தை விரலால் சுண்டினார். "ஸ்கூல் பெயிண்ட்தான இது? எச்சி தொட்டுத் துடைச்சாப் போயிடும்."

"முடிச்சதும் வந்து துடைங்க. பாதிப் படத்தத் துடைக்கறதுல என்ன பெருமை?" என்றாள் கெருபோ.

"ஸ்டாண்டுக்குக் கொண்டு வா, பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுச் சேர்மன் போனார். அவருக்குப் பின்னாலேயே கோட்டும் போனது.

இருட்டுவதற்குள் முகத்தை முடித்தாக வேண்டும். ஜகரண்டா பூக்கிற மாதம். மழை இதோ அதோ என்று ஏய்த்துக்கொண்டிருந்தது. காற்று அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. ஒரு புருவம் போடுவதற்குள் ஊசி அடைத்துக்கொண்டது. கெருபோ முனையைத் துடைத்தாள். அடித்தாள். அடைத்தது. துடைத்தாள். பெயிண்ட் துப்பி, அபோண்டி அம்மாவின் மூக்கில் மரு விழுந்தது. அதைத் திருத்தப் போனால் மறுபடியும் அடைத்தது.

"என்ன, மூக்கடைப்பா?" என்று பராசா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து விசாரித்தான். "சளி மருந்து குடுத்துப் பாரு. நம்ம தின்னர் பெயிண்டுக்கு இந்த வியாதியெல்லாம் கெடையாது. பேசாம வெள்ளை அடிச்சுட்டு வீட்டுக்குப் போ."

கெருபோ கிளிசரின் புட்டியை எடுத்தாள்; சொட்டு எண்ணவில்லை; கவிழ்த்தாள். கப்புக்குள் அது 'மளக்' என்று விழுந்த சத்தம் அவளுக்கும் கேட்டது. கேட்டும் கலக்கினாள்.

அதன்பிறகு ஊசி அடைக்கவே இல்லை. வெண்ணெயில் கத்தி மாதிரி ஓடியது. கன்னத்து எண்ணெய் மினுமினுப்பு, மேலுதட்டு வியர்வை, பொரிகிற மீனைப் பார்த்துச் சுருங்கிய கண், எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. கண்மணியில் வெள்ளைப் புள்ளியை வைத்து அவள் விலகியபோது, எட்டிப் பார்த்த பராசா கையிலிருந்த சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். படத்திலிருந்தவள் பார்த்த பார்வை அப்படி.

காலையில் கெருபோ படத்தின் கன்னத்தில் விரலை வைத்தாள். விரல் திரும்பி வர மறுத்தது. பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"காயலையா அக்கா?" என்று முட்டிசோ கிசுகிசுத்தான்.

"கிளிசரின் கூடிப்போச்சு. கை தவறிடுச்சு. மேல பாலிஷும் அடிக்க முடியாது, கீழ இருக்கறது ஈரம்."

"எப்பக் காயும்?"

"இது போற போக்குக்கு, உனக்குப் பேரன் பொறந்தப்புறம்."

"அப்ப ஒச்சோலா அண்ணன்கிட்ட சொல்லி இன்னைக்கு வண்டிய நிறுத்திடலாமா?"

கெருபோ விரலில் ஒட்டிய பழுப்பைப் பார்த்தாள். "நிறுத்தினா, பயந்துட்டோம்னு அவரு சொல்லுவாரு. வெளிய எடு. நானும் வர்றேன்."

கிபூரி புறப்பட்டது. அன்று நைரோபித் தெருக்களில் சொந்தக்காரன் இல்லாமல் பறந்த அத்தனையும் அபோண்டி அம்மாவிடம் வந்து சேர்ந்தது. முதலில் தூசி. அப்புறம் ஜகரண்டாப் பூக்கள். தலையைச் சுற்றி ஊதாக் கிரீடம் மாதிரி ஒட்டிக்கொண்டன. கோழி வண்டி ஒன்று முந்திப் போனதில் தோளெல்லாம் இறகு. பிரசங்கியாரின் துண்டுக் காகிதம் ஒன்று 'மனந்திரும்பு' என்று நெஞ்சில் ஒட்டியது. மேட்டில் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற சைக்கிள்காரன் ஒருவன் முக்காலியில் உள்ளங்கையை வைத்தான். மேடு முடிந்தது, அவன் இறங்க வேண்டிய இடமும் முடிந்தது, அவன் மாமியார் ஊரும் வந்தது, கை வரவில்லை. மாமியார் வீட்டுக்கு அவன் பல வருஷமாகப் போகாமல் இருந்தானாம். கிளிசரினால் ஒன்று சேர்ந்த குடும்பம் அது ஒன்றுதான்.

மத்தியானம் ஸ்டாண்டில் சேர்மன் காத்திருந்தார். சுற்றிலும் டிரைவர்கள், நடத்துனர்கள், வேர்க்கடலை விற்கிறவர்கள். அபோண்டி அம்மா தன் அடுப்பிலிருந்து நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தாள்.

"ஏன்டி கெருபோ, நான் எப்ப கோழி ஆனேன்?"

"இறகு மட்டுந்தான் அம்மா. உதிர்ந்துடும்."

சேர்மன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். பேச்சென்றால் அவருக்கு எதிலாவது சாய வேண்டும். அன்று அவருக்குப் பின்னால் இருந்தது கிபூரி. அந்தப் படத்தை எவ்வளவு மதிக்கிறார் என்று காட்டவோ என்னவோ, முதுகை அதன்மேல் அழுத்திச் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டார்.

முட்டிசோ வாயைத் திறந்தான். கெருபோ அவன் காலை மிதித்தாள்.

"சங்கம்னா ஒழுங்கு," என்று சேர்மன் தொடங்கினார். "என் முதுகுக்குப் பின்னாடி இருக்கறது ஒழுங்கா? இந்த அசிங்கத்த நான் சுமக்கணுமா?" ஒழுங்கைப் பற்றி வெகுநேரம் பேசினார். வெயில் அவரைப் படத்தோடு சேர்த்து இஸ்திரி போட்டது. முடித்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது, பிளாஸ்திரி பிய்க்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கஞ்சி உடைந்ததென்று நினைத்து நடையைக் கட்டினார்.

கோட்டின் முதுகில், ஜகரண்டாக் கிரீடத்தோடு, கண்ணாடியில் தெரிகிற மாதிரி கை மாறி, இடது கையில் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, அபோண்டி அம்மா போனாள்.

ஸ்டாண்டே மூச்சைப் பிடித்துக்கொண்டது. முட்டிசோவால்தான் முடியவில்லை. "சேர்மன்! உங்க பின்னாடி அபோண்டி அம்மா!"

சேர்மன் சட்டென்று திரும்பினார். யாரும் இல்லை. அபோண்டி அம்மா தூரத்தில் அடுப்படியில்தான் இருந்தாள்.

"எங்கடா?"

"இப்ப அந்தப் பக்கம் போயிட்டாங்க சேர்மன்."

மறுபடி திரும்பினார். வீடு போய்ச் சேர்கிறவரை தெருவெல்லாம் இதே சேதியைச் சொன்னது. அன்று அவர் வீட்டுக்கு நேராக நடந்து போகவில்லை, சுற்றிச் சுற்றியே போனார் என்பார்கள்.

வீட்டில் அவர் மனைவி கதவைத் திறந்தாள், பிறகு முதுகைப் பார்த்தாள். அங்கே என்ன பேச்சு நடந்ததென்று தெரியாது. ஆனால் மறுநாள் காலை சேர்மன் கோட் இல்லாமல், முழுக்கைச் சட்டையில், வண்டி கழுவுகிற ஓடைக்கரைக்கு வந்து நின்றார். கிபூரியை அங்கே கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஸ்டாண்டில் இருந்த எல்லோரும் வந்தார்கள். அபோண்டி அம்மா அடுப்போடு வந்தாள்.

"எல்லார் முன்னாடியும் சொல்றேன்," என்றார் சேர்மன். "தண்ணி ஊத்தறேன். படம் நின்னா, நிக்கட்டும். இனி நான் அதப் பத்திப் பேச மாட்டேன். போச்சுன்னா, கெருபோ இந்த வழியில ஓடற எந்த பஸ்ஸுலயும் கை வைக்கக் கூடாது. என்ன சொல்ற?"

ஒச்சோலா அவள் பக்கம் குனிந்தான். "வேணாம் தங்கச்சி. பேசாம மீசை..."

காயாத படம். தண்ணீரில் கரைகிற பெயிண்ட். போனால் முந்தாநாள் போட்ட முகம் மட்டும் போகாது. இனிப் போட நினைத்த அத்தனை முகமும் போகும். மாட்டேனென்று ஒதுங்கினால் வேறு வழித்தடம் பார்த்துக்கொள்ளலாம். கெருபோ போய் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஊத்துங்க," என்றாள்.

பம்பு ரெண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது, கரண்ட் இல்லை. சேர்மன் வாளியை எடுத்தார். தானே மொண்டார், தானே ஊற்றினார். இறகு போனது. மிச்சமிருந்த பூ போனது. 'மனந்திரும்பு' மிதந்து ஓடையில் போனது. பழுப்பாக வழிந்தது, பிறகு வெளுப்பாக, கொழகொழவென்று.

"கரையுது! கரையுது!" என்று கத்தினான் பராசா. வேடிக்கை பார்க்கத் தின்னர் வாடையோடு வந்திருந்தான்.

"நல்லா ஊறட்டும்," என்றார் சேர்மன். "ஊறினாத்தான் உரியும்." ஒரு சாக்கை நனைத்து முகத்தின்மேல் போர்த்தி, அதன்மேலும் வாளி வாளியாக ஊற்றினார். அவர் சட்டை நனைந்தது. ஓடையே ஒரு சாண் இறங்கிப்போனது. அவர் சாக்கை எடுத்தார்.

அபோண்டி அம்மா கரண்டியோடு அப்படியே இருந்தாள். வெளுத்துப் போயிருந்தாள்; ஆனால் இருந்தாள்.

கெருபோ ஓரத்தில், முக்காலியின் காலடியில் விரலை வைத்தாள். விரல் திரும்பி வந்தது. சோப்பு மாதிரி வழுக்கியது, ஒட்டவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெளுப்பாக வழிந்தோடியது பெயிண்ட் இல்லை; கிளிசரின். தண்ணீரோடு தண்ணீராகப் போய்விட்டது. இந்த மனுஷன் அதை வாளி வாளியாக ஊற்றிக் கழுவித் தந்திருக்கிறார். இனி வேண்டியது வெயில் மட்டும்.

"இப்ப துணியால தேய்ப்பேன்," என்றார் சேர்மன்.

கெருபோ முட்டிசோவின் காதருகே போனாள். "கொஞ்ச நேரம் சண்டை போடு."

அவனுக்கு ஏன் என்று தெரியாது. ஆனால் அவன் பிறந்ததே இப்படி ஓர் உத்தரவுக்காகத்தான். "தேய்க்கறதா? தண்ணி ஊத்தறதுன்னுதான பேச்சு சேர்மன்? தேய்க்கறதுன்னு யாரு சொன்னா?"

"கழுவறதுன்னா தேய்க்கறதும் சேர்ந்ததுதான்டா!"

"உங்க வீட்டுல அப்படி. எங்க ஊருல மழை வந்து வண்டியக் கழுவுது, அது துணியோடயா வருது?"

பிடித்துக்கொண்டது. வேர்க்கடலைக்காரன் மழை பக்கம் பேசினான். ஒரு டிரைவர் துணி பக்கம். குளித்தால் முதுகு தேய்ப்பது குளியலில் சேருமா என்று ஒருவன் கேட்டான். அவன் குளிப்பானா என்று இன்னொருவன் கேட்டான். பராசா தேய்க்க வேண்டுமென்றான். உன் சட்டையை முதலில் தேய் என்றார்கள். அபோண்டி அம்மா அடுப்பை மூட்டிவிட்டாள், இது சீக்கிரம் முடியாதென்று அவளுக்குத் தெரியும். வெயில் உச்சிக்கு வந்து கிபூரியின் முதுகில் நேராக விழுந்தது. தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. ஒருமுறை தேய்க்கலாம், ஒரே ஒருமுறை, என்று கடைசியில் ஏகமனதாக முடிவானபோது எல்லோரும் ஆளுக்கொரு மீன் தின்று முடித்திருந்தார்கள்.

சேர்மன் வெள்ளைத் துணியை எடுத்தார். படத்தின் நெற்றியில் வைத்து, பல்லைக் கடித்து, முழங்கை நடுங்க, தாடை வரை ஒரே இழுப்பாக இழுத்தார்.

துணியைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. அவர் அதைக் கூட்டத்துக்குக் காட்ட வேண்டியதில்லை. முட்டிசோ பிடுங்கிக் கொடியாக ஆட்டிவிட்டான்.

ஒச்சோலா செருப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு சேர்மனை நேராகப் பார்த்தான். "வரிசைல எங்க வண்டி எத்தனாவது சேர்மன்?" என்றான். குரல் சற்றுக் கீச்சென்றுதான் வந்தது, இருந்தாலும் வந்தது.

சேர்மன் வாளியை வைத்தார். பேச மாட்டேன் என்று சொல்லியிருந்ததால் படத்தைப் பற்றிப் பேச முடியவில்லை. கையை மட்டும் நீட்டி, இடது கன்னத்தைக் காட்டினார். அங்கே அவர் தோள்பட்டை அழுந்திய இடத்தில் நிறம் மங்கி, கோட்டுத் துணியின் நெசவு கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது.

"அது இருக்கட்டும்," என்றாள் கெருபோ. "நீங்க சாஞ்ச எடம். தொட மாட்டேன்."

சாயங்காலமே அவள் அதன்மேல் பாலிஷ் அடித்து, நெசவோடு சேர்த்துப் பூட்டிவிட்டாள்.

கோட் விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. சேர்மன் மனைவி அதைத் துவைத்தாள், போகவில்லை. சூடு காட்டினால் போகும் என்று யாரோ சொன்னதை நம்பி இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்தினாள். துணியில் ஏறிய அக்ரிலிக்கைச் சாகாவரம் கொடுத்து நிறுத்த அதைவிட நல்ல வழி கிடையாது. பார்க்கப் பிடிக்காமல் அவள் அதை கிகோம்பாச் சந்தைக்குப் பழந்துணியோடு தள்ளிவிட்டாள். இப்போது அங்கே மூட்டை தூக்குகிற ஒருவன் போட்டுக்கொண்டு திரிகிறான். அவன் குறுக்கே வந்தால் கைவண்டிக்காரர்கள்கூட ஒதுங்கி வழிவிடுகிறார்களாம்.

முட்டிசோ இதைச் சொன்னபோது அபோண்டி அம்மா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் தெறித்தது. அவள் விலகவில்லை.

"ஒருத்திய ஓரங்கட்டப் பாத்தான்," என்றாள். "இப்ப மூணு பேரா அலையறோம். போய் அவன்கிட்ட சொல்லு, அதுல ஒருத்திக்கு இடது கைப் பழக்கம்னு."